முதல் தப்பு யார் மேல்?

சுசுருதரிடம் அறுவைச் சிகிச்சை படிக்கப் போன பையன் கையில் முதலில் கொடுத்தது கத்தி. அடுத்துக் கொடுத்தது பூசணிக்காய்.

கேலி இல்லை. சுசுருத சம்ஹிதையில் இதற்கென்றே ஒரு அத்தியாயம் இருக்கிறது. அறுக்கப் பழக வேண்டுமா, பூசணி, சுரை, தர்பூசணி, வெள்ளரி. குத்தி நீர் எடுக்கப் பழக வேண்டுமா, சேற்றுத் தண்ணீர் நிரப்பிய தோல்பை. சுரண்டிப் பழக முடி போகாத தோல். இரத்தக்குழாயைத் திறந்து பார்க்கத் தாமரைத் தண்டும் செத்த விலங்கின் குழாயும். புண்ணுக்குள் கம்பி விட்டுத் துழாவப் பூச்சி அரித்த கட்டை. உள்ளே சிக்கியதைப் பிடுங்கப் பலா, வில்வம் போன்ற பழங்களின் சதை, செத்த விலங்கின் பல். தையலுக்குத் துணியும் மெல்லிய தோலும். கட்டுப் போட ஆள் அளவுக்கு ஒரு துணிப் பொம்மை. சூடு வைத்துப் பழக இறைச்சித் துண்டு. எனிமாவையும் அவர் மறக்கவில்லை. தண்ணீர் நிறைந்த பானையின் பக்கவாட்டு வாய் அல்லது சுரைக்காயின் வாய் என்று அதற்கும் ஏற்பாடு உண்டு. அந்தப் பாடம் நடந்த அன்று பின்வரிசையில் யாரும் சிரிக்காமல் இருந்திருந்தால் அது மனிதர்கள் படித்த குருகுலமே அல்ல.

குருகுலத்துச் சமையல்காரரை நினைத்தால்தான் பாவமாக இருக்கிறது. காலையில் முப்பது இடத்தில் கீறப்பட்ட பூசணிக்காய் மதியம் சாம்பாரில் மிதந்திருக்கும். சுசுருதர் வாழ்ந்ததாகச் சொல்லப்படும் காசியில் சாம்பார் ஏது என்று கேட்டு ஆரம்பத்திலேயே வம்பு வளர்க்காதீர்கள்.

இந்த நூலின் வயது பற்றி அறிஞர்களுக்குள் சண்டை ஓயவில்லை. 2000 ஆண்டு என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம். இன்றைக்கு மருத்துவக் கல்லூரிகளில் இதே வேலையை ‘ஸ்கில்ஸ் லேப்’ என்று ஏ.சி. போட்ட அறையில் செய்கிறார்கள். மாணவர்கள் சிலிகான் தோலைத் தைக்கிறார்கள். சிலிகானைக் கூட்டு வைக்க முடியாது என்பது தவிர பெரிய வித்தியாசம் இல்லை.

மருத்துவராகப் போகிறவர் எப்படியும் தப்புச் செய்துதான் ஆக வேண்டும். முதல் ஊசி இரத்தக்குழாயைத் தவற விடும். முதல் தையல் கோணும். முதன்முதலில் நாடி பார்க்கும்போது தன் விரலில் அடிக்கிற நாடியையே எண்ணிவிட்டு நோயாளி நன்றாக இருக்கிறார் என்று எழுதுவார். ஆகவே தப்பு நடக்குமா என்பது கேள்வியே அல்ல, முதல் தப்பு யார் மேல் என்பதுதான் கேள்வி. பூசணிக்காய் மேல் என்றார் சுசுருதர். பிற்பாடு வந்த படித்த கனவான்கள் பலர், ஏழைகள் மேல் என்று முடிவு செய்தார்கள். மருத்துவ மாணவர்களை வார்டுக்குத் தயார் செய்த கதை பெரும்பாலும் இந்த இரண்டு கட்சிகளுக்கு இடையில் நடந்த தேர்தல்தான். அடிக்கடி ஜெயித்தது இரண்டாவது கட்சி.

முதல் கட்சிக்குச் சீனாவிலும் ஒரு கிளை இருந்தது. சோங் வம்சத்துப் பேரரசர் ரென்சோங் காலத்தில், 1027இல், வாங் வெய்யி என்ற மருத்துவர் ஆளுயர வெண்கல மனிதர்கள் இருவரை வார்த்தெடுத்தார். உடம்பெல்லாம் அக்குபங்சர் புள்ளிகள், ஒவ்வொன்றிலும் ஒரு துளை. தேர்வு நாளில் உடம்பு முழுக்க மெழுகு பூசி மூடிவிட்டு, உள்ளே தண்ணீர் நிரப்பிவிடுவார்கள். மாணவர் ஊசியைச் சரியான இடத்தில் குத்தினால் தண்ணீர் கசியும், தவறினால் ஊசி வளையும். பாதரசம் நிரப்பினார்கள் என்று சொல்வோரும் உண்டு. எதுவானாலும், பேராசிரியரின் மைத்துனர் மகன் என்ற தகுதி அந்த வெண்கல ஆளிடம் செல்லுபடியாகவில்லை. உலகத்தின் நேர்மையான தேர்வாளர் அவராகத்தான் இருக்க வேண்டும்.

அதற்குப் பின் வந்த நூற்றாண்டுகளில் ஐரோப்பாவில் என்ன நடந்தது என்று பார்த்தால் கொஞ்சம் ஆறுதலாக இருக்கிறது, நாம் மட்டும்தான் மனப்பாடம் செய்தோம் என்று நினைத்துக் குறுகியிருந்தோமே! பேராசிரியர் உயரமான நாற்காலியில் உட்கார்ந்து பண்டைய மருத்துவர் கேலனின் நூலை லத்தீனில் வாசிப்பார். கீழே ஒரு நாவிதர் பிணத்தை அறுப்பார். இன்னொருவர் குச்சியால் சுட்டிக்காட்டுவார். நாவிதருக்கு லத்தீன் தெரியாது, பேராசிரியருக்குக் கத்தி தெரியாது, பின்வரிசை மாணவருக்கு எதுவுமே தெரியாது. கேலன் அறுத்ததோ பெரும்பாலும் குரங்கையும் பன்றியையும். புத்தகத்தில் இருப்பது பிணத்தில் இல்லாவிட்டால் தப்பு பிணத்தின் பேரில்தான். 16ஆம் நூற்றாண்டில் வெசாலியஸ் கேலனின் பிழைகளை எடுத்துப் போட்டபோது, அவருக்குப் பாரிசில் பாடம் எடுத்த யாகோபஸ் சில்வியஸ் அசரவில்லை. கேலன் காலத்துக்குப் பிறகு மனித உடம்பே மாறிவிட்டது என்றார். தொடை எலும்பு கேலன் சொன்னபடி வளைந்து இல்லாமல் நேராக இருப்பதற்குக் காரணம் இந்தக் காலத்து இறுக்கமான கால்சட்டைதான் என்று விளக்கம் கொடுத்ததாகவும் சொல்வார்கள். வாத்தியாரை எதிர்த்துப் பேசக்கூடாது என்ற விதிக்கு இதைவிடப் பெரிய பலி கிடையாது.

புத்தகத்தை மூடிவிட்டு நோயாளியைப் போய்ப் பார்க்கலாமே என்ற விபரீத யோசனை இத்தாலியின் படுவாவில் 1540களில் ஜொவானி பத்திஸ்தா த மோந்தேவுக்கு வந்தது. அதைப் பிரபலப்படுத்தியவர் ஹாலந்தின் லெய்டன் நகரத்து ஹெர்மன் போர்ஹாவே. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர் கையிலிருந்தது மொத்தம் 12 கட்டில். ஆண்களுக்கு 6, பெண்களுக்கு 6. அதைச் சுற்றி ஐரோப்பா முழுவதிலிருந்தும் வந்த மாணவர்கள். நோயாளிகள் எல்லாம் ஊர் ஏழைகள். படுக்கை இலவசம், சாப்பாடு இலவசம், விலையாகத் தன் மூத்திரத்தைப் பற்றி அந்நிய தேசத்து இளைஞர்கள் நடத்தும் விவாதத்தைப் படுத்தபடி கேட்க வேண்டும். அவர் மாணவர்கள்தான் இந்த முறையை எடின்பரோவுக்கும் வியன்னாவுக்கும் தூக்கிக்கொண்டு போனார்கள். வியன்னாவுக்குப் பிறகு வருகிறேன்.

அதற்கு முன் லண்டனில் ஒரு பீர்.

1740களில் லண்டனில் வில்லியம் ஸ்மெல்லி என்ற ஸ்காட்லாந்துக்காரர் ஆண்களுக்குப் பிரசவம் பார்க்கக் கற்றுக்கொடுத்தார். எலும்பும் தோலும் வைத்து ஒரு பொம்மை செய்து, அதில் பழக விட்டு, பிறகு ஏழைப் பெண்களின் வீட்டுக்குக் கூட்டிப் போவார். பிரசவம் இலவசம், மாணவர்கள் நின்று பார்ப்பார்கள் என்பது நிபந்தனை. எலிசபெத் நிஹெல் என்ற மருத்துவச்சிக்கு இந்த ஆண் கூட்டத்தைக் கண்டாலே ஆகாது. 1760இல் எழுதிய புத்தகத்தில் ஸ்மெல்லியின் பொம்மையைக் கிழித்துத் தொங்க விட்டார். அவர் வர்ணனைப்படி, அது தோல் வயிறு வைத்த மரச்சிலை. உள்ளே கருப்பை என்ற பெயரில் ஒரு பை, அதில் அநேகமாக மட்டமான பீர். பைக்கு ஒரு தக்கை, தக்கைக்கு ஒரு கயிறு. இழுத்தால் பனிக்குடம் உடையும். நடுவில் மெழுகுக் குழந்தை. நிஹெல் அம்மையாரின் கோபம் நியாயமானதுதான், ஆண்கள் அவர் தொழிலில் கை வைக்கிறார்கள். ஆனால் பீர்ப் பையில் செய்த தப்பினால் எந்தத் தாயும் சாகவில்லை என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். அதிகபட்ச இழப்பு ஒரு கோப்பை பீர், அதுவும் மட்டமானது.

பிரான்சில் இதே யோசனையை ஒரு பெண்மணி எடுத்துக்கொண்டபோது அது நாட்டு நலத்திட்டமாகவே ஆகிவிட்டது. மதாம் து கூத்ரே. பாரிசில் பயிற்சி பெற்ற மருத்துவச்சி. கிராமங்களில் பிரசவத்தில் குழந்தைகள் செத்துக்கொண்டிருந்தன. ராஜாவுக்கோ வருங்காலப் படைவீரர்கள் குறைகிறார்களே என்ற கவலை. (குழந்தைகள் மேல் அரசாங்கத்துக்குப் பாசம் பொங்கும்போதெல்லாம் பின்னால் ஒரு கணக்குப் புத்தகம் இருக்கும்.) 1759இல் பதினைந்தாம் லூயி, நாடு முழுக்கப் போய்ப் பாடம் எடுக்க அந்த அம்மாளுக்கு அரச ஆணை கொடுத்தார். அவர் கிளம்பினார், ஏறக்குறைய கால் நூற்றாண்டு வண்டியிலேயே கழித்தார். கூடவே ஒரு பொம்மை. அதற்கு அவர் வைத்த பெயர் ‘இயந்திரம்’.

இயந்திரம் என்றால் துணியும் தோலும் பஞ்சும். சிலவற்றில் உள்ளே நிஜ இடுப்பெலும்பு. வழி விரிவதைக் காட்டக் கயிறும் வாரும். வசதியுள்ளவர்களுக்கு இன்னொரு ரகம் இருந்தது, அதில் பஞ்சுக்குள் ஊற வைத்த சிவப்பு நீரும் வெறும் நீரும் சரியான சமயத்தில் கசியும். குழந்தைப் பொம்மையின் வாய்க்குள் விரல் விடலாம், தலை புரளாமல் இழுப்பது எப்படி என்று பழகத்தான் அது. இரட்டைக் குழந்தையும் உண்டு. கோணலாக வரும் குழந்தை, கால் முதலில் வரும் குழந்தை என்று ஒவ்வொன்றாக உள்ளே வைத்து, எடு பார்ப்போம் என்பார்.

மாணவிகளில் பெரும்பாலோர் கிராமத்துப் பெண்கள். பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பாரிசு மருத்துவப் பேராசிரியர்கள் லத்தீன் தெரியாதவனுக்கு மருத்துவம் வராது என்று சொல்லிக்கொண்டிருந்த அதே நாட்டில், தன் பெயரை எழுதத் தெரியாத பெண்கள் இரண்டே மாதத்தில், குறுக்கே கிடக்கும் குழந்தையைக் கண்ணை மூடிக்கொண்டு திருப்பக் கற்றார்கள். இப்படி அவரிடம் நேரடியாகப் படித்தவர்கள் சுமார் 5000 பேர். அறுவை மருத்துவர்களும் வந்து படித்தார்கள், கொஞ்சம் கூச்சத்தோடு. எஞ்சிய ஒரே ‘இயந்திரம்’ இப்போது ரூவான் நகரத்து அருங்காட்சியகத்தில் கால் விரித்துப் படுத்திருக்கிறது. பார்க்கப் போகும் ஆண்கள் சுவரைப் பார்ப்பார்கள் என்று நினைக்கிறேன்.

இனி வியன்னா. சிரிப்பைக் கொஞ்சம் கையில் பிடித்துக்கொள்ளுங்கள்.

வியன்னா பெரிய ஆஸ்பத்திரியின் பிரசவப் பிரிவுக்கு 1822 வரை தலைவராக இருந்தவர் லூகாஸ் போயர். அவர் பொம்மைக் கட்சி. பிணத்தை வைத்துப் பிரசவப் பயிற்சி கொடுக்கச் சொன்னபோது மறுத்து, பொம்மையிலேயே கற்றுக்கொடுத்தார். அவர் காலத்தில் அங்கே பிரசவித்த தாய்மாரில் செத்தவர்கள் நூற்றுக்கு ஒன்று சொச்சம். 1822இல் ஒன்றுக்கும் கீழே. அவரை அனுப்பிவிட்டு யோஹான் கிளைனைக் கொண்டுவந்தார்கள். அவர் நவீனமானவர். பொம்மையாவது, பூச்சாண்டியாவது! நிஜ உடம்பு இருக்கும்போது எதற்கு விளையாட்டுச் சாமான்? 1823இல் சாவு நூற்றுக்கு ஏழைத் தாண்டியது.

யாரும் பதறவில்லை. பிரசவக் காய்ச்சல் என்பது காற்றில் வருவது, வானிலையில் வருவது, பெண்ணாகப் பிறந்ததால் வருவது. 1840இல் மாணவர்களையும் மாணவிகளையும் வெவ்வேறு வார்டுகளுக்குப் பிரித்தார்கள். முதல் வார்டு மருத்துவ மாணவர்களுக்கு. இரண்டாவது வார்டு மருத்துவச்சி மாணவிகளுக்கு. மாணவர்களின் காலை வேலை பிணவறையில். அங்கே அறுத்து முடித்துவிட்டு, கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு, பிரசவ வார்டுக்கு வந்து ஒவ்வொரு பெண்ணாக உள்பரிசோதனை. மாணவிகளுக்குப் பிணவறை கிடையாது. 1846இல் முதல் வார்டில் செத்த தாய்மார் நூற்றுக்கு 11.4. இரண்டாவது வார்டில் 2.8.

அதே கட்டடம், அதே சாப்பாடு, அதே வியன்னாக் காற்று. ஒருநாள் விட்டு ஒருநாள் சேர்க்கை முறை என்பதால் எந்த வார்டுக்குப் போவது என்பது வலி எடுக்கும் நாளைப் பொறுத்தது. ஊர்ப் பெண்களுக்கு விஷயம் தெரியும். முதல் வார்டு வேண்டாம் என்று முழங்காலிட்டு அழுதார்கள். சிலர் தெருவிலேயே பெற்றுவிட்டு வந்தார்கள், அவர்கள் பிழைத்துக்கொண்டார்கள். வியன்னாவின் துணி துவைக்கும் பெண்ணுக்குப் புரிந்த புள்ளிவிவரம் பேராசிரியருக்குப் புரிய இன்னும் சில ஆயிரம் சாவு தேவைப்பட்டது.

அதிகாரிகள் ஒன்றும் செய்யாமல் இல்லை, கமிட்டி போட்டார்கள். கமிட்டி கண்டுபிடித்தது: குற்றவாளிகள் வெளிநாட்டு மாணவர்கள். அவர்கள் கை முரட்டுக் கை, பரிசோதிக்கத் தெரியவில்லை. வார்டில் மாணவர் எண்ணிக்கையை 42இலிருந்து 20 ஆக வெட்டினார்கள், வெளிநாட்டார் கிட்டத்தட்ட எல்லோரும் அவுட். இதில் வேடிக்கை, சாவு கொஞ்ச நாள் குறைந்தது. கைகள் பாதியாகிவிட்டன அல்லவா! கமிட்டி மீசையை முறுக்கியது. வசந்தம் வந்ததும் எண்ணிக்கை மறுபடி ஏறி, 1847 ஏப்ரலில் நூற்றுக்கு 18ஐத் தாண்டியது. உள்நாட்டுக் கைகளும் திறமையில் குறைந்தவை அல்ல என்பது நிரூபணமாயிற்று.

அங்கே உதவியாளராக இருந்த ஹங்கேரிக்காரர் இக்னாஸ் செம்மல்வைஸ் தூக்கம் கெட்டு அலைந்தார். இரண்டாவது வார்டில் பெண்கள் ஒருக்களித்துப் படுத்துப் பெறுகிறார்கள் என்று கவனித்து இங்கேயும் படுக்க வைத்தார். பலன் இல்லை. சாகிறவர்களுக்குக் கடைசிச் சடங்கு செய்யப் பாதிரியார் மணி அடித்துக்கொண்டு முதல் வார்டு வழியாகப் போவார், அந்தப் பயத்தில் சாகிறார்களோ என்று மணியை நிறுத்தச் சொன்னார். பாதிரியார் சத்தமில்லாமல் வந்தார், சாவும் சத்தமில்லாமல் வந்தது. 1847 மார்ச்சில் அவருடைய நண்பரான பேராசிரியர் கொலெச்கா, பிணப் பரிசோதனையின்போது ஒரு மாணவரின் கத்தி விரலில் பட்டு இறந்தார். அவர் உடம்பை அறுத்துப் பார்த்தபோது உள்ளே இருந்தது அந்தத் தாய்மாரிடம் இருந்த அதே நோய். ஆக, பிணவறையிலிருந்து எதையோ கையில் எடுத்து வருகிறோம். அந்த ஆண்டு மே மாதம் முதல் வார்டு வாசலில் ஒரு பாத்திரம் வைத்தார். அதில் குளோரின் சுண்ணாம்புக் கரைசல், நம் ஊர்க் குடிநீர்த் தொட்டியில் பஞ்சாயத்து ஊழியர் கொட்டுகிற பிளீச்சிங் பவுடர்தான். கை கழுவாதவன் உள்ளே வரக்கூடாது. ஜூலையில் சாவு நூற்றுக்கு 1.2. மறு ஆண்டு மார்ச்சில் ஒருவர்கூடச் சாகவில்லை. ஆகஸ்டிலும் இல்லை.

இதற்கு மருத்துவ உலகம் நன்றி சொல்லி மாலை போட்டிருக்கும் என்று நினைப்பவர்கள் எந்த அலுவலகத்திலும் வேலை பார்த்திராதவர்கள். மாணவர்கள் கை எரிகிறது என்று முணுமுணுத்தார்கள். பெரியவர்களுக்கு அதைவிட எரிந்தது. இத்தனை வருஷம் கொன்றது நாம்தான் என்று ஒப்புக்கொள்வதற்குப் பதில் காற்றின் மேல் பழியைப் போடுவது எளிது. அமெரிக்காவில் பிலடெல்பியாப் பேராசிரியர் சார்ல்ஸ் மெய்க்ஸ் இன்னும் ஒரு படி மேலே போய், மருத்துவர்கள் கனவான்கள், கனவான்களின் கை எப்போதும் சுத்தம் என்று தீர்ப்பெழுதினார். கிருமிக்கு அந்தஸ்து பார்க்கத் தெரியாது என்பதை அவரிடம் யாரும் சொல்லவில்லை. 1849இல் செம்மல்வைஸின் பதவியை நீட்டிக்காமல் கிளைன் அவரை வீட்டுக்கு அனுப்பினார். மனிதர் பிற்பாடு எதிர்த்தவர்களையெல்லாம் கொலைகாரர்கள் என்று பகிரங்கக் கடிதம் எழுதினார். நயமாகச் சொல்லியிருக்கலாம் என்பார்கள். நயமாகச் சொல்லிப் பார்த்தவர்களின் பேச்சையும் அந்தக் காலத்தில் யாரும் கேட்கவில்லை. 1865இல் அவரை ஏமாற்றி மனநல விடுதிக்குக் கூட்டிப்போனார்கள். அங்கே காவலர்கள் அடித்ததில் ஏற்பட்ட காயம் புரையோடி, இரத்தத்தில் நஞ்சேறி 47 வயதில் இறந்தார்.

என்னைக் கேட்டால் இந்தக் கதையில் மறக்கப்பட்டவர் போயர்தான். செம்மல்வைஸுக்குச் சிலை உண்டு, சினிமா உண்டு. கிருமி என்ற ஒன்று இருப்பதே தெரியாமல், பிணத்தைத் தொட்ட கையைத் தாயிடம் கொண்டுபோகாமல் ஒரு பொம்மையைக் குறுக்கே வைத்த கிழவரை யாருக்குத் தெரியும்?

அமெரிக்கா இந்த விவகாரத்தில் வேறொரு குறுக்கு வழி கண்டுபிடித்தது. மாணவனை நோயாளியிடம் அழைத்துப் போனால்தானே பிரச்சினை? அழைத்துப் போகவே வேண்டாம். 19ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதி அங்கே மருத்துவப் படிப்பு என்பது இரண்டு பருவச் சொற்பொழிவுகள். இரண்டாம் பருவத்தில் என்ன பாடம் என்றால், முதல் பருவத்தில் நடத்திய அதே பாடம். முதல் தடவை தூங்கியவர்களுக்கு மறுவாய்ப்பு. ஹார்வர்டில் இறுதித் தேர்வு வாய்மொழி, ஒன்பது பேராசிரியர்கள் ஆளுக்குச் சில நிமிடம் கேள்வி கேட்பார்கள், ஐந்து பேர் சரி என்றால் பட்டம். மீதி நான்கு பாடம் தெரியாமலே கடையைத் திறக்கலாம். 1869இல் தலைவரான சார்ல்ஸ் எலியட் எழுத்துத் தேர்வு வைக்கலாமே என்றபோது, அறுவைப் பேராசிரியர் ஹென்றி பிகிலோ ஆடிப்போனார். மாணவர்களில் பாதிப் பேருக்கு மேல் எழுதவே வராது, எழுத்துத் தேர்வில் எப்படித் தேறுவார்கள் என்பது அவர் வாதம். மருத்துவர்களின் கையெழுத்தைப் பற்றிக் குறைசொல்வோர் இந்தப் பரம்பரையை நினைத்துப் பார்த்து மன்னிக்க வேண்டும்.

1893இல் பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவப் பள்ளி திறந்ததும் வில்லியம் ஆஸ்லர் மாணவர்களை வார்டுக்குள் இழுத்துக்கொண்டு போய், ஆளுக்குச் சில கட்டில்களைப் பொறுப்பாகக் கொடுத்தார். தன் கல்லறையில் எழுத அதைவிட வேறு பெருமை வேண்டாம் என்றும் சொல்லிவைத்தார். 1910இல் ஆபிரகாம் பிளெக்ஸ்னர் என்ற பள்ளி ஆசிரியர், மருத்துவரே அல்லாதவர், அமெரிக்காவிலும் கனடாவிலும் இருந்த 155 பள்ளிகளைச் சுற்றிப் பார்த்து எழுதிய அறிக்கையில் மற்ற கடைகளின் சாயம் வெளுத்தது. பல பள்ளிகள் அதன்பின் மூடுவிழா நடத்தின.

சரி, வார்டுக்குப் போயாயிற்று. போகும் முன் எங்கே பழகுவது? மறுபடியும் பொம்மைக்காரர்கள் வந்தார்கள், மறுபடியும் ஊர் சிரித்தது.

1960இல் நார்வேயின் ஸ்டாவங்கரில் பொம்மை செய்து விற்ற ஆஸ்முண்ட் லேர்டால், வாயோடு வாய் வைத்து மூச்சுக் கொடுக்கப் பழக ஒரு பொம்மையைச் செய்தார். தண்ணீரில் மூழ்கிய தன் சின்ன மகனை இழுத்துப் பிழைக்க வைத்தவர் அவர், ஆகவே கதை அவருக்குப் புரிந்தது. பொம்மைக்கு ஆன் என்று பெயர். முகத்துக்கு, பாரிசின் சேன் நதியில் மூழ்கிய பெயர் தெரியாத பெண்ணுடையது என்று சொல்லப்படும் ஒரு பழைய முகவார்ப்பை எடுத்துக்கொண்டார். வாழ்ந்தபோது யார் என்றே தெரியாத பெண்ணின் உதட்டில் உலகமே வாய் வைத்துவிட்டது. ஆன் வருவதற்கு முன்னால் இந்த முறை வேலை செய்யுமா என்று சோதித்த பீட்டர் சஃபர், பால்டிமோரில் மருத்துவர்களையும் மாணவர்களையும் மயக்கி, மூச்சுத் தசைகளைச் செயலிழக்கச் செய்து, மற்றவர்களை அவர்களுக்கு மூச்சு ஊதச் சொன்னார். தன்னார்வலர்கள்தான். மார்க் போடுகிறவர் கேட்டால் எந்த மாணவன் தன்னார்வலன் ஆகமாட்டான்?

ஹோவர்ட் பாரோஸ் கண்ட வழி வேறு. நியூயார்க்கில் நரம்பியல் பயிற்சியில் இருந்தபோது, தேர்வுக்கு ‘கேஸாக’ வரும் ஒரு நோயாளி அவரிடம் ரகசியம் சொன்னார். பரிசோதித்த ஒரு டாக்டர் முரட்டுத்தனமாக நடந்துகொண்டாராம். கோபத்தில் இவர் தன் நோயை இடம் மாற்றிக் காட்டிவிட்டார், ஒரு பாதத்தில் வர வேண்டிய அறிகுறியை மறுபாதத்தில். தேர்வு எழுத வந்தவர் என்ன ஆனார் என்று நினைத்தாலே நமக்கு உள்ளங்கால் கூசுகிறது. நோயை நடிக்கவும் முடியும் என்பது பாரோஸுக்கு அன்று உறைத்தது. 1963இல் லாஸ் ஏஞ்சலீஸில் ஒரு மாடலைக் கால் செயலிழந்த நோயாளியாக நடிக்க வைத்து மாணவர்களுக்குத் தேர்வு வைத்தார். மருத்துவப் பள்ளிக்குள் ஹாலிவுட் புகுந்துவிட்டது என்று பத்திரிகைகள் நையாண்டி செய்தன. 1975இல் டண்டீயில் ரொனால்ட் ஹார்டன், மணி அடித்தால் அடுத்த மேசைக்கு ஓடும் ‘ஆஸ்கி’ தேர்வைக் கொண்டுவந்தபோது அந்த நடிகர்களுக்கு நிரந்தர வேலை கிடைத்தது.

நம் ஊரில் நடிகர் தேவைப்படவில்லை. எம்.பி.பி.எஸ். இறுதித் தேர்வுக்கு வருஷா வருஷம் வரும் ‘கேஸ்’களைப் பற்றி எந்த மூத்த மருத்துவரைக் கேட்டாலும் கதை சொல்வார். “தம்பி, மண்ணீரல் மூணு விரல் வீங்கியிருக்கு, ஹார்ட்டுல சத்தம் கேக்கும், அதை மறந்துடாதீங்க” என்று நோயாளியே எடுத்துக் கொடுப்பார், தேநீர்ச் செலவுக்கு மாணவன் எதையாவது கையில் திணிப்பான். ஐம்பது தலைகள் தன் வயிற்றை அமுக்கியதில் அவரும் பாதி டாக்டர்தானே. வயிறு அவருடையது, சொல்ல அவருக்கு உரிமையும் உண்டு.

எல்லா நோயாளிக்கும் அந்த உரிமையைக் கொடுத்தார்களா என்றால் இல்லை. அறுவைக்கு மயக்கம் கொடுத்துப் படுக்க வைத்த பெண்களிடம் கேட்காமலே மாணவர்களை வரிசையாக உள்பரிசோதனை பழக விட்டது வியன்னாக் காலத்துச் சங்கதி அல்ல. அமெரிக்காவில் மாணவர்களே எதிர்த்துக் குரல் கொடுத்து, மாநிலம் மாநிலமாகச் சட்டம் வந்து, கடைசியில் 2024 ஏப்ரலில்தான் மத்திய சுகாதாரத் துறை எழுத்துமூலச் சம்மதம் கட்டாயம் என்று மருத்துவமனைகளுக்குச் சொன்னது. பொம்மைக்கு விலை அதிகம் என்று எல்லாக் காலத்திலும் ஒரு கணக்காளர் சொல்லியிருக்கிறார். உயிருள்ள ஏழை இலவசமாகக் கிடைத்ததால் அவர் கணக்கு எப்போதும் சரியாக வந்தது.

இந்தியாவில் 2019இல் பாடத்திட்டத்தை மாற்றி, முதல் மாதம் அடித்தளப் பயிற்சி, முதல் ஆண்டிலிருந்தே நோயாளியைக் காட்டுவது, ஸ்கில்ஸ் லேப் என்று கட்டாயமாக்கினார்கள். நல்ல ஏற்பாடு. பூட்டிக் கிடக்கும் லேபுக்குச் சாவி யாரிடம் என்று தெரிந்தால் இன்னும் நல்ல ஏற்பாடு.

அதுவரை, அரசு மருத்துவமனைக் கட்டிலில் நீங்களோ உங்கள் வீட்டாரோ படுத்திருக்கும்போது புது வெள்ளைக் கோட்டும் புது ஸ்டெத்துமாக எட்டுப் பிள்ளைகள் வந்து நின்றால், வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. முடிந்தால் அப்படிச் சொல்லாதீர்கள், அவர்கள் வேறெங்கே போவார்கள்? ஒன்றை மட்டும் கேளுங்கள்: “கையைக் கழுவிட்டு வாங்க கண்ணுங்களா.”